புல்வெளி வீட்டில் விருந்தாளி



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்குப் 'பொறுப்பான சுற்றுலா' என்ற தலைப்பில் எழுதித் தரும்படி சமூக அறிவியல் டீச்சர் சொன்னார்கள். "ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் வேண்டாம். யாரும் எழுதாததை எழுது" என்றும் சொன்னார்கள். ஆடு மாடு மேய்த்துக்கொண்டு இடம் மாறும் குடும்பங்களோடு போய்த் தங்குவதும் ஒரு வகைச் சுற்றுலா என்று டீச்சர் கொடுத்த புத்தகத்தில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சுற்றுலா இல்லை, பிழைப்பு.

நான் விடுதியில் தங்கிப் படிப்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்று பலருக்குத் தெரியாது. எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம். அப்பா கிடை ஆடு வைத்திருக்கிறார். சம்பா அறுப்பு முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போய்விடுவார்கள். பகலில் தரிசில் மேய்ச்சல். ராத்திரி யாராவது ஒருவருடைய வயலில் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்கு வயல்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். கூட்டத்துக்குப் பெரியவரைக் கீதாரி என்பார்கள். அம்மாவும் தம்பியும் கூடவே போவார்கள். நான் மட்டும் இங்கே.

போன பங்குனியில் லீவுக்குப் போயிருந்தபோது நடந்ததைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன். ரோட்டோரம் கிடை போட்டிருந்தோம். ஒரு கார் வந்து நின்றது. ஆறேழு பேர் இறங்கினார்கள். யாரையும் கேட்கவில்லை. நேரே பட்டிக்குள் வந்து படம் எடுத்தார்கள். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்ததையும் எடுத்தார்கள். முதல் நாள்தான் பிறந்த குட்டிகளை ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கிக் கொஞ்சினார்கள். போகும்போது தம்பி கையில் நூறு ரூபாயைத் திணித்தார்கள். அன்று ராத்திரி ஒரு தாய் ஆடு தன் குட்டியை மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது. "மனுச வாடை பட்டுருச்சு" என்று அம்மா விடிய விடியத் தாயைப் பிடித்துக்கொண்டு குட்டியை ஊட்ட விட்டார்கள். அப்பா திட்டவில்லை. "ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருந்தா ஒக்காரச் சொல்லிக் கூழு குடுத்திருப்பமே" என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் இந்தத் தலைப்பைக் கவனமாகப் படித்தேன். இனி பாடம்.

மேய்ச்சல் குடும்பங்களோடு தங்குவதற்கு உலகத்தில் பெயர் பெற்ற நாடு மங்கோலியா. பரப்பளவு சுமார் 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல 12 மடங்கு. ஆனால் மக்கள் தொகை சுமார் 35 லட்சம்தான். அதிலும் பாதிப் பேர் தலைநகரமான உலான்பாத்தரில் இருக்கிறார்கள். ஆட்களைவிடக் கால்நடைகள் பல மடங்கு அதிகம். குதிரை, ஒட்டகம், மாடு (யாக் எருமையும் சேர்த்து), செம்மறி, வெள்ளாடு என்று ஐந்து வகை. இவற்றை ஐந்து மூஞ்சி என்று சேர்த்துச் சொல்வார்கள்.

அவர்கள் வீட்டுக்குப் பெயர் கெர். வட்டமான கூடாரம். மடக்கி விரிக்கிற மரச் சட்டம்தான் சுவர். மேலே கம்புகள், நடுவில் வட்டமான மரச் சக்கரம். அதற்குத் தோனோ என்று பெயர். வெளிச்சம் அதன் வழியாகத்தான் வரும். அந்த வெளிச்சம் சுவரில் விழும் இடத்தைப் பார்த்தே மணி சொல்வார்களாம். எல்லாவற்றுக்கும் மேலே செம்மறிக் கம்பளியை நனைத்து அடித்துச் செய்த கனத்த போர்வை. எங்கள் ஆடுகளுக்குக் கம்பளி கிடையாது, முடிதான். அதனால் இதைப் படிக்க எனக்கு ஆசையாக இருந்தது. கதவு தெற்குப் பார்த்து இருக்கும், வடக்கிலிருந்து வரும் குளிர் காற்றுக்காக. வீட்டைப் பிரித்து மூட்டை கட்ட ஒரு மணி நேரம் போதும். முன்பு ஒட்டகத்தில் ஏற்றினார்கள், இப்போது பெரும்பாலும் லாரி. 2013இல் யுனெஸ்கோ இந்தக் கெர் கட்டும் கலையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

விருந்தாளியாகப் போகிறவர் தூரத்திலேயே நின்று "நோஹோய் ஹோர்" என்று குரல் கொடுக்க வேண்டும். நாயைப் பிடி என்று அர்த்தம். கதவைத் தட்டுகிற வழக்கம் இல்லை. எங்கள் கிடைக்கு வந்தாலும் இதைத்தான் செய்யணும், நாய் விடாது! வாசல் படிக்கட்டையை மிதிக்கக் கூடாது. உள்ளே போனதும் இடது பக்கமாகப் போய் உட்கார வேண்டும். நடுவில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு இடையில் புகுந்து போகக் கூடாது. அடுப்பு நெருப்பில் குப்பையைப் போடக் கூடாது, அதற்கு நேரே காலை நீட்டவும் கூடாது. கொடுப்பதை வலது கையால் வாங்க வேண்டும். முதலில் கொடுப்பது உப்புப் போட்ட பால் டீ. டீக்கு அவர்கள் மொழியிலும் 'சாய்' என்றுதான் பெயர். கோடையில் குதிரைப் பாலைப் புளிக்க வைத்த அய்ராக், காய்ந்த தயிர்க்கட்டி ஆரூல் எல்லாம் தருவார்கள். பிடிக்காவிட்டாலும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பதுதான் மரியாதை. அடுப்பு எரிக்கக் காய்ந்த மாட்டுச் சாணம், அதற்கு அர்கால் என்று பெயர். நாங்கள் ஆட்டுப் புழுக்கையை வைத்துச் சம்பாதிக்கிறோம், அவர்கள் சாணத்தை எரித்துக் குளிர் காய்கிறார்கள் என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

சிலர் அங்கே போய், "சோலார் வைத்திருக்கிறார்களே, மோட்டார் சைக்கிளில் மேய்க்கிறார்களே" என்று ஏமாந்து போகிறார்களாம். 2000ஆம் ஆண்டு தொடங்கி 2012 வரை அந்த அரசாங்கமே லட்சம் கெர்களுக்குச் சோலார் என்று ஒரு திட்டம் நடத்தியது. எங்கள் அப்பாவும் செல்போன் வைத்திருக்கிறார். மேய்ச்சல்காரர் என்றால் பழைய காலத்திலேயே நிற்க வேண்டுமா?

சரி, அவர்களுக்கு விருந்தாளி எதற்கு? இதுதான் முக்கியமான இடம். மங்கோலியாவில் ஜூட் என்று ஒன்று வரும். கோடையில் மழை பொய்த்துப் புல் குறைந்து, பிறகு குளிர்காலத்தில் பனி கல்லாக இறுகி, மைனஸ் 40 டிகிரி வரை குளிர் போகும். ஆடுமாடுகளால் பனியைக் கிளறிப் புல் தின்ன முடியாது. நின்றபடியே சாகும். 2009-10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. 2023-24இல் மறுபடியும் 70 லட்சத்துக்கு மேல். மந்தையை இழந்த குடும்பங்கள் உலான்பாத்தர் ஓரத்தில் போய் அதே கெர்ரைப் போட்டுக்கொண்டு கூலி வேலை தேடுகின்றன. இன்னொரு பக்கம், காஷ்மீர் ரோமத்துக்கு நல்ல விலை என்று வெள்ளாடுகளைக் கூட்டிக்கொண்டே போனதால் புல்வெளியும் தேய்கிறது. கோடையில் வரும் விருந்தாளியின் பணம் கொஞ்சம் கைகொடுத்தால் அவ்வளவு ஆடு வைக்க வேண்டியதில்லை, ஒரு ஜூட் வந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

இதை அப்பாவிடம் சொன்னபோது இரண்டே கேள்வி கேட்டார். "எம்புட்டுக் கொடுக்காக? யாரு கையில கொடுக்காக?"

முதல் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இரண்டாவதை டீச்சரோடு உட்கார்ந்து தேடினேன். மங்கோலியாவில் கெர் என்று போர்டு போட்டிருப்பதெல்லாம் மேய்ச்சல்காரர் வீடு இல்லை. கம்பெனிகள் வரிசையாகக் கெர் போட்டுக் கட்டில், ஓட்டல் எல்லாம் வைத்து நடத்தும் முகாம்கள் நிறைய. அங்கே கொடுக்கிற பணம் பக்கத்தில் மேய்க்கிறவருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பக்கத்து வட்டாரமான கிர்கிஸ்தானில் வேறு ஏற்பாடு செய்தார்கள். 2000ஆம் ஆண்டு கொச்கோர் என்ற ஊரில், ஒரு சுவிட்சர்லாந்து அமைப்பின் உதவியோடு, குடும்பங்களே சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். வருகிற ஆட்களைக் குழு முறை வைத்து வீடுகளுக்கு அனுப்பும். விலை முன்கூட்டியே பேசியது. அலுவலகச் செலவுக்கு ஒரு சிறு பங்கு போக மீதி, சோறு போட்ட வீட்டுக்கே. கோடையில் சோங்குல் ஏரிக்கரையில், 3,000 மீட்டர் உயரத்தில் மேய்க்கும் குடும்பங்களோடும் இப்படித் தங்கலாம். "அது நம்ம கிடை முறை மாதிரி இருக்கே" என்றார் அப்பா.

தப்பாகப் போனதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். மங்கோலியாவின் வடக்கே டுகா என்று ஒரு சிறு கூட்டம், கலைமான் மேய்ப்பவர்கள். மொத்தமே சில நூறு பேர்தான். கலைமானுக்குக் குளிர்ந்த மலைதான் ஒத்துக்கொள்ளும். ஆனால் சுற்றுலாக்காரர்கள் மலை ஏற மாட்டார்கள். அவர்கள் ஹோவ்ஸ்கோல் ஏரிக்கரையோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் சில குடும்பங்கள் கோடையில் கலைமான்களை ஏரிக்கரைக்கு இறக்கிக்கொண்டு வந்தன. கீழே வெக்கை, ஈ, மானுக்கு ஏற்ற தீனியும் இல்லை. மான்கள் நோய்ப்பட்டன. மந்தை போகிற பாதைக்கு ஆள் வர வேண்டும். ஆள் நிற்கிற இடத்துக்கு மந்தை வந்தால் அது மேய்ச்சல் இல்லை, பொருட்காட்சி. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த முட்டுப்பட்ட குட்டி ஞாபகம் வந்தது.

இன்னும் சில சின்ன விஷயங்கள். புல்வெளியில் குப்பை வண்டி வராது. பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டு போனவரே திரும்பக் கொண்டு வர வேண்டும். கோபி பாலைவனத்தில் தண்ணீர் கிணற்றிலிருந்து தூரம் சுமந்து வருவது, குளிக்கக் கேட்பது நியாயம் இல்லை. ஜீப்பைப் புதுப் புதுத் தடத்தில் ஓட்டினால் அந்தத் தடத்தில் புல் திரும்ப வர வருஷக்கணக்கு ஆகும். குழந்தைகள் கையில் மிட்டாயும் காசும் திணிக்கக் கூடாது, பெரியவர்களிடம் கொடுக்க வேண்டும். (என் தம்பி இதை ஒத்துக்கொள்ள மாட்டான்.)

உங்களுக்குத் தெரியுமா? 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தது. அதை முன்னின்று கேட்ட நாடு மங்கோலியாதான்.

எழுதி முடித்து டீச்சரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "உங்க அப்பா சம்மதிச்சா பங்குனியில் ஒரு ராத்திரி நான் வந்து கிடையில் தங்கலாமா? கேட்டுச் சொல்" என்றார்கள். அன்றைக்கே போன் போட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பக்கத்தில் அம்மாவிடம் ஏதோ கேட்டார். அப்புறம் சொன்னார்:

"வரச் சொல்லுத்தா. கட்டில் கெடையாது, சாக்குதான். ராத்திரி நரி வந்தா சத்தம் போட எந்திரிக்கணும். கருக்கல்ல ஆடு கெளம்பிரும், கூடவே நடக்கணும். செருப்புப் போட்டுட்டு வரச் சொல்லு, கருவ முள்ளு. குட்டியத் தூக்கணும்னா ஒங்க அம்மாட்டக் கேக்கச் சொல்லு. சோத்துக்குக் காசெல்லாம் வேணாம்."

பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது: "ஏன் வேணாங்குறீக? அரிசி வாங்கியாரச் சொல்லுங்க."