கண்டவர் யார், கொண்டவர் யார்?

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

கதிரடித்துத் தூற்றிய நெல்லைக் களத்தில் பொலியாகக் குவித்ததும், அளப்பதற்கு முன் அதன்மேல் சாணிப்பால் தெளித்துக் குறி வைப்பது அந்நாளைய வழக்கம் என்று என் பாட்டி சொல்வார். இரவில் யாரேனும் ஒரு மரக்கால் நெல்லை அள்ளினாலும் குறி கலைந்துவிடும். விடிந்ததும் களவு தெரிந்துவிடும். இன்று அறுவடை எந்திரம் வயலிலேயே மணியைப் பிரித்து டிராக்டரில் கொட்டிவிடுகிறது. அங்கிருந்து நெல் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. நெல்லுக்கு வைத்த அக்குறியைப் போல, ஒருவர் மனத்தில் விளைந்த கருத்துக்கும் குறி வைக்க முடியுமா? வேதியியல் ஆராய்ச்சியில் இக்கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. அவற்றுள் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒன்றைச் சற்று விரிவாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஆராய்ச்சி உலகில் குறி என்பது அச்சேறிய நாள்தான். இதனை நன்கு அறிந்திருந்தவர் 1888இல் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன். 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் அவரும் அவருடைய மாணவர் கே. எஸ். கிருஷ்ணனும் நீர்மங்களில் கண்ட ஒளிச்சிதறலை, அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்னும் இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் கண்டனர். இராமன் காலம் தாழ்த்தவில்லை. மார்ச் 16ஆம் நாள் பெங்களூரில் உரையாற்றினார். அவ்வுரையை அம்மாத இறுதிக்குள் அச்சிட்டு உலகெங்கும் உள்ள அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டார். 1930இல் நோபெல் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது. ருசிய நூல்களில் இன்றும் அதற்கு ‘இராமன் விளைவு’ என்ற பெயரைவிடக் ‘கூட்டுச் சிதறல்’ என்ற பெயரே பெருவழக்காக இருக்கிறது. வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணனின் பெயர் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த முதற்குறிப்பில் இருக்கிறது, பரிசில் இல்லை. இதைப் பற்றி நம் பாடநூல்கள் ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன.

இனி நான் சொல்ல வந்த வழக்குக்கு வருகிறேன்.

நம் தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். பதனிட்ட தோலாக நாம் காலில் அணிவதும் பெரும்பாலும் அதுவே. 1950ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இப்புரதத்தின் வடிவத்தை எவரும் சரியாக அறிந்திருக்கவில்லை. லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் 1951இல் மூன்று சங்கிலிகள் கொண்ட ஓர் அமைப்பைக் கூறினர். எண் சரியாக இருந்தது, அமைப்புப் பொருந்தவில்லை.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் கோ. நா. இராமச்சந்திரன். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்த அவர், இளம் அறிவியல் பட்டப்படிப்பைப் படித்தது இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள திருச்சி தூய வளனார் கல்லூரியில் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் சென்ற ஆண்டுவரை தெரியாது. பின்னர் அவர் பெங்களூரில் இராமனிடம் பயின்றார்; கேம்பிரிட்ஜ் சென்று திரும்பினார். சென்னைக்கு வந்த பிரித்தானிய அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சுவாக்கில் கூறியதே இவரை அத்துறையில் இழுத்துவிட்டது என்பர். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது நல்வாய்ப்பாயிற்று. கங்காருவின் வால் தசைநாண் அங்கிருந்து கிடைத்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்தனர்.

1954 ஆகஸ்டில் அவர்களுடைய முதற்கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் அமினோ அமிலம் என்பது முன்பே தெரிந்த செய்தி. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. பக்கக் கிளையாக ஒற்றை ஹைட்ரஜனை மட்டுமே உடைய கிளைசின்தான் அங்கே நுழைய முடியும். ஆகவே சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடமும் கிளைசினாக இருக்க வேண்டும். ஒரு விகிதக் கணக்கிலிருந்து ஒரு வடிவத்தைக் கண்ட இந்தப் படியை நான் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த முதல் அமைப்பில் மூன்று சங்கிலிகளும் தனித்தனியே முறுக்கேறி, அருகருகே நேராக நின்றன. 1955 செப்டம்பர் 24ஆம் நாள் வெளிவந்த இரண்டாம் கட்டுரையில் அவை ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டன. வைக்கோல் பிரி முறுக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புரிகளை ஒரு பக்கமாகத் திரித்து, சேர்க்கும்போது மறு பக்கமாக முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனிலும் சங்கிலிகள் இடமுறுக்காகவும், மூன்றும் சேர்ந்த கயிறு வலமுறுக்காகவும் உள்ளன.

ஏழு வாரங்கள் கழிந்தன. நவம்பர் 12ஆம் நாள் அதே இதழில் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரின் கட்டுரை வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்ட கிரிக்கே அவர். சென்னைக் குழுவின் பொது அமைப்பை ஏற்றுக்கொண்டு, நுணுக்கங்கள் தவறு என்றனர் அவர்கள். அணுக்கள் நெருங்கக்கூடாத தொலைவுக்கு நெருங்கி நிற்கின்றன. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்க முடியாது, ஒன்றே இருக்கும் என்பது அவர்கள் வாதம். இதன்பின் உலகின் பல நூல்களில் மூவிழைச் சுருள் என்றால் ரிச்–கிரிக் என்றே வழங்கலாயிற்று. கேம்பிரிட்ஜின் குரல் எட்டிய தொலைவுக்குக் கிண்டியின் குரல் எட்டவில்லை.

இது களவா? நான் முதலில் அப்படித்தான் நினைத்துக் கொதித்தேன். பேராசிரியர் ஒருவர் என்னை அமர்த்தி, மறு பக்கத்தையும் படிக்கச் சொன்னார். படித்தேன். ரிச்சும் கிரிக்கும் பாலிகிளைசின் என்னும் எளிய பொருளின் அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதன் மூன்று சங்கிலிகளைச் சேர்த்தால் கொலாஜன் வருகிறதே என்று கண்டவர்கள். முறுக்கின்மேல் முறுக்கு என்ற எண்ணத்தைக் கெராட்டின் புரதத்துக்கு 1952இலேயே கிரிக் எழுதியிருந்தார். அதே கருத்தைப் பாலிங்கும் வெளியிட்டதால் அவர்களுக்குள் வேறு ஒரு முன்னுரிமைப் பிணக்கு! சென்னைக் கட்டுரைகளை ரிச்சும் கிரிக்கும் மறைக்கவும் இல்லை. ஆகவே பொலியிலிருந்து இரவில் அள்ளிய கதை இதுவன்று. நாற்றங்கால் ஒருவருடையது, களை எடுத்தவர் மற்றொருவர், ஊரார் களை எடுத்தவர் பெயரால் வயலை அழைத்தார்கள் என்று சொல்லலாம். என் சிற்றறிவுக்கு எட்டியவரை கட்டமைப்பின் பெருமை சென்னைக்கும், ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கை கேம்பிரிட்ஜுக்கும் உரியவை.

இராமச்சந்திரன் அந்த மறுப்பை எளிதாக விட்டுவிடவில்லை. ‘நெருங்கக்கூடாத தொலைவு’ என்கிறார்களே, அத்தொலைவுதான் எவ்வளவு என்று கேட்டார். அதுவரை தெரிந்திருந்த படிகங்களின் அளவுகளை எல்லாம் திரட்டினார். வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து, பெப்டைடு சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று கணக்கிட்டு 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதுவே இராமச்சந்திரன் வரைபடம். உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒரு புரத அமைப்பைக் கண்டாலும், அது சரியா என்று இன்றுவரை அப்படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கொலாஜனில் இரண்டாவது பிணைப்பு நேரானதன்று, இடையில் ஒரு நீர் மூலக்கூறு நின்று இணைக்கலாம் என்று 1968இல் அவரும் ஆர். சந்திரசேகரனும் எழுதினர். 1994இல் அமெரிக்காவில் கொலாஜன் போன்ற ஒரு பெப்டைடின் படிக அமைப்பு வெளியானபோது, நேரான பிணைப்பு ஒன்றே என்பதும், சங்கிலிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் இணைப்பாக நிற்பதும் தெரிந்தன. இரு தரப்பாரும் ஓரளவு மகிழ்ந்திருக்கலாம். நோபெல் பரிசு பெறாமலே 2001 ஏப்ரலில் இராமச்சந்திரன் சென்னையில் காலமானார்.

அச்சில் உள்ள கருத்துக்கே இப்பாடு என்றால், வாய்ப்பேச்சில் சொன்ன கருத்தின் கதி என்ன? கரிம வேதியியலில் வுட்வர்டு–ஹாப்மன் விதிகள் புகழ்பெற்றவை. 1965இல் வெளிவந்தவை. வுட்வர்டு 1979இல் மறைந்தார். ஹாப்மனுக்கு 1981இல் ஜப்பானியரான புக்குயியுடன் நோபெல் பரிசு கிடைத்தது. 2004இல், தாமும் நோபெல் பரிசு பெற்றவரான இ. ஜே. கோரி, பிரீஸ்ட்லி பதக்கம் பெற்றபோது ஒரு செய்தியை வெளியிட்டார். 1964 மே 4ஆம் நாள் ஆர்பிட்டல் சமச்சீர் பற்றிய அந்த அடிப்படைக் கருத்தைத் தாமே வுட்வர்டிடம் கூறியதாகச் சொன்னார். நாற்பது ஆண்டுகள்! பதில் சொல்ல வேண்டியவர் உயிரோடு இல்லை. ஹாப்மன் அவ்வாண்டே அச்சில் மறுத்தார். ஆனால் இக்கருத்தின் ஒரு சாயல் 1961இலேயே ஆலந்து நாட்டில் வெளிவந்துவிட்டது. ஹவிங்கா என்பவர் வைட்டமின் டி பற்றிய கட்டுரையில், ‘இதை எனக்குச் சுட்டிக்காட்டியவர் ஊஸ்டர்ஹாப்’ என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் எழுதிவைத்தார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் ஊஸ்டர்ஹாப்பின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. எழுத ஹவிங்காவுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

அப்பட்டமான களவும் இல்லாமல் இல்லை. திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் வெளியிட்ட ஏறத்தாழ 70 கட்டுரைகள் பிறர் எழுத்தைத் திருடியவை அல்லது பொய்யானவை என்று 2008இல் வெளிப்பட்டு நாடே தலைகுனிந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்கென விதிகள் வகுத்தது; நூற்றுக்குப் பத்து வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாக உண்டு. ஒற்றுமையை அளப்பது கணிப்பொறி. அது சொற்களை எண்ணும். ஒருவர் கருத்தை எடுத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றி எழுதியவரை அது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. எனக்கு இது நன்றாகத் தெரியும், எப்படியென்றால் நானே அதைச் செய்தவள்.

என்னோடு படிக்கும் தோழி ஒருத்தி வேதாரண்யம் பக்கத்து ஊரினள். மேட்டூர் அணை சனவரி 28இல் மூடப்படுவது முறை. அதன்பின் வாய்க்கால் வறண்டு பங்குனி, சித்திரையில் தங்கள் ஊர் நீர் கரிக்கத் தொடங்குவதை அவள் சிறு வயது முதல் நாவால் அறிந்தவள். முதலாண்டில் ஒருநாள் மோர் முறைத் தரம்பார்த்தல் செய்துகொண்டிருந்தோம். மஞ்சளாக இருந்த கரைசல் செங்கல் நிறத்துக்கு மாறும் அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டே, ‘இதே சில்வர் நைட்ரேட்டால எங்க ஊர்த் தண்ணிய அணை மூடுறதுக்கு முன்னால ஒரு தடவை, சித்திரையில ஒரு தடவை அளந்து பாத்தா என்னடி?’ என்று கேட்டாள். கேள்வி அவளுடையது. நீரைக் குப்பிகளில் பிடித்துப் பேருந்தில் சுமந்து வந்ததும் அவளே. அளந்தது இருவரும். கட்டுரையாக எழுதியது நான்.

வேறொரு கல்லூரியில் நடந்த கருத்தரங்கில் அதனைப் படிக்க வேண்டிய நாளில் அவள் வரவில்லை, வீட்டில் வேலை. விண்ணப்பத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. என் பெயரை எழுதினேன். மேடையில் நன்றி கூறும்போது பேராசிரியர்களுக்குச் சொன்னேன், ஆய்வகப் பணியாளருக்குக்கூடச் சொன்னேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நடவுக் கூலிக்குப் போகும் என் அம்மா அச்சான்றிதழை, எழுத்துக் கூட்டி என் பெயரை மட்டும் படித்துவிட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதில் இன்னொரு பெயர் இருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோழி ஒன்றும் கேட்கவில்லை. ஆய்வகத்தில் அடுத்த மேசைக்கு மாறிக்கொண்டாள்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கூடவே, கருத்தரங்கில் படித்த பழைய கட்டுரையையும் இருவர் பெயரோடு, அவள் பெயரை முதலில் இட்டு, துறையில் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னேன். விடுதித் திண்ணையில் உட்கார்ந்து இரண்டையும் முழுதும் படித்தாள். கொலாஜனைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. பழைய கட்டுரையின் அட்டவணையில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

“மூணாம் பாட்டில் குளத்துத் தண்ணி இல்லடி, பள்ளிக்கூடத்து அடிபம்புத் தண்ணி. அப்பவே மாத்தி எழுதிட்ட. எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். குளத்து நீரை மறுபடியும் பிடித்து வர வரும் சனிக்கிழமை இருவரும் அவள் ஊருக்குப் போகிறோம்.