தலைவி சொல்லாத சேதியை குழாயடி சொல்லும்



போன மாதம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டம் சண்டையில் முடிந்தது என்று தகவல் வந்து நாங்கள் போயிருந்தோம். 14 பேர் உள்ள குழு. எட்டு வருடமாக நடக்கிறது. ரொக்கப் புத்தகம், வங்கி பாஸ் புத்தகம், தீர்மான நோட்டு எல்லாம் வாங்கிப் பார்த்தோம். ஒரு ரூபாய் கூட குறையவில்லை. ஆனாலும் நான்கு பேர் "இனிமே சேமிப்பு கட்ட மாட்டோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். வங்கியில் 3 லட்சம் கடன் கேட்டிருந்தார்கள். 2 லட்சம்தான் தர முடியும் என்று ஒரு வியாழக்கிழமை மேலாளர் சொல்லிவிட்டார். நடவு சமயத்தில் இரண்டு மாதம் கூட்டமே போடவில்லை. தர மதிப்பீட்டில் கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, உள்கடன் சுழல்கிறதா, தவணை திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா, அதில் மதிப்பெண் குறைந்துவிட்டது. ஊக்குனர் அக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படியாவது பேசி மூணு லட்சமே வாங்கிடலாம், அதுக்குள்ள எல்லார் மனசையும் ஏன் கஷ்டப்படுத்தணும் என்று நினைத்திருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் வங்கி வாசலில் அவரைப் பார்த்த வேறு குழுப் பெண் மூலமாக பேச்சு குழாயடிக்கு வந்தது. திங்கட்கிழமை கூட்டத்துக்குள், "மூணு லட்சம் வந்தாச்சாம், ஒரு லட்சத்த ஊக்குனரும் பிரதிநிதிங்களும் பங்கு போட்டுக்கிட்டாங்களாம்" என்று ஆகிவிட்டது.

நல்ல சேதி என்றால் தெருவிலேயே கூப்பிட்டுச் சொல்கிறோம். கெட்ட சேதியை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்கிறோம். அதைத்தான் முதலில், அன்றைக்கே சொல்ல வேண்டும். அந்த அக்கா இப்படிச் சொல்லியிருக்கலாம்:

"மேனேஜர் ரெண்டு லட்சம்தான்னு சொல்லிட்டாரு. ரெண்டு மாசம் நாம கூட்டம் போடல, அதான் காரணமாம். ஞாபகப்படுத்தாதது என் தப்பும்தான். திரும்பக் கேட்டுப் பாக்கலாமா, இல்ல இருக்கறத யாருக்கு முதல்ல குடுக்கறதுன்னு பேசலாமா?"

இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, தன் தவறு எது, அடுத்து என்ன செய்யலாம் எல்லாம் இதிலேயே வந்துவிடுகிறது.

குழுக்களின் பஞ்சசூத்திரத்தில் கூட்டம், சேமிப்பு, உள்கடன், கடன் திரும்பச் செலுத்துதல் இவற்றோடு ஐந்தாவதாக கணக்கு எழுதுவதும் இருக்கிறது. எழுதி பெட்டியில் வைத்தால் போதாது. கூட்டம் முடியும் முன் அன்றைய வரவு, கொடுத்த கடன், கையிருப்பு மூன்றையும் சத்தமாக வாசியுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் காதால் கணக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் கூட்டத்தில் போட்டு உடைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஒரு சகோதரி இரண்டு தவணை கட்டவில்லை என்றால் பாக்கித் தொகையும் தேதியும் கூட்டத்தில் தெரியட்டும். அவள் வீட்டுக்காரர் குடிப்பதும், பிள்ளைக்கு உடம்புக்கு முடியாததும் அங்கே பேச வேண்டியதில்லை. கூட்டத்துக்கு முதல் நாள் அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "என்னடியம்மா கஷ்டம்?" என்று கேளுங்கள். அவள் சொல்வது அந்தத் திண்ணையோடு இருக்கட்டும். அது வெளியே போனால் அடுத்த கஷ்டத்துக்கு உங்களிடம் வரமாட்டாள், கந்துவட்டிக்காரரிடம்தான் போவாள்.

வாசல் ஓரமாக உட்காருகிறவர்களையும் கவனியுங்கள். "சரிங்க்கா" என்று தலையாட்டுவதெல்லாம் சம்மதம் ஆகாது. முன்னால் இருப்பவர்கள் பேசி முடித்த பிறகு கேட்டால் அவர்களும் அதையே சொல்வார்கள். அதனால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். வாட்ஸப்பில் போட்டாச்சு என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் குழுவில் ஐந்து பேரிடம் அந்த போனே இல்லை. இன்னும் சிலர் வீட்டில் போன் மகன் கையில்.

எங்கள் தவறையும் இங்கே சொல்லிவிடுகிறோம். எந்தத் தகவல் என்றாலும் களப்பணியாளர்கள் நாங்கள் ஊக்குனர் ஒருவருக்கே போன் செய்து பழகிவிட்டோம். எல்லாம் அவர் ஒருத்தர் தலையில் போய்ச் சேருகிறது. இந்த மாதத்திலிருந்து பிரதிநிதிகள் இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிடுகிறோம்.

அந்தக் குழுவில் பிறகு பொறுப்பில் இல்லாத மூன்று பேர் ஊக்குனரோடு வங்கிக்குப் போனார்கள். மேலாளர் வாயாலேயே கேட்டுவிட்டு வந்து கூட்டத்தில் சொன்னார்கள். கோபமாக இருந்த நான்கு பேரில் மூன்று பேர் அன்றைக்கே சேமிப்பு கட்டிவிட்டார்கள். ஒருவர் இன்னும் கட்டவில்லை. ஊக்குனர் அக்கா இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். மூன்றாவது தடவை நாங்களும் கூடப் போகிறோம்.

உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்: போன கூட்டத்தின் கையிருப்பு எவ்வளவு என்று நோட்டைப் பார்க்காமல் எத்தனை பேரால் சொல்ல முடிகிறது? குழு விஷயம் எதையாவது நீங்கள் கூட்டத்துக்கு வெளியே முதலில் கேள்விப்பட்டீர்களா?