முப்புரி கண்ட அறிஞர்

கல்லூரியிற் பயில்வது முன்னோர் அறிந்த பொருளைக் கற்பதாகும். ஆராய்ச்சி என்பது எவரும் அறியாத பொருளைத் தேடிச் செல்வதாகும். முன்னதற்குப் பாடநூல் உண்டு, பின்னதற்கு இல்லை. ஆகவேதான், பொறியியலிலும் அறிவியலிலும் முதுநிலைக் கல்வியை எட்டும் மாணவர் பலர் அவ்விடத்திலே திகைத்து நிற்கின்றனர். ஆராயும் வேட்கை உள்ளத்தில் இருக்கும். ஆயினும், ஏற்று வழிகாட்டும் ஆசிரியர் வேண்டும், கருவி வேண்டும், ஆராய்தற்குரிய பொருளும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்தல் அரிது. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பெற்று, சென்னை மாநகரின் பெயரை உலக அறிவியலில் நிலைநாட்டிய ஒருவரது வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவரே ஜி. என். இராமச்சந்திரன்.

இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். மைந்தருக்கும் கணிதத்தில் இளமையிலேயே பற்று உண்டாயிற்று. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவர், 1942-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றார்.

அந்நாளில் அறிவுடைய இளைஞர் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தில் அமர்வதையே பெற்றோர் பெரிதும் விரும்பினர். இராமச்சந்திரனின் தந்தையாரும் அவரை இரயில்வேப் பொறியியல் பணிக்குரிய தேர்வுக்கு அனுப்பினார். மைந்தரோ, உத்தியோகத்தில் அகப்பட்டால் ஆராய்ச்சி கைநழுவும் என்று அஞ்சி, வேண்டுமென்றே அத்தேர்வில் தோற்றுத் திரும்பினார் என்பர். தந்தை சொல்லை வெளிப்படையாக மறுக்கவும் மனமில்லை. தம் வேட்கையைக் கைவிடவும் மனமில்லை. அவ்விரண்டிற்கும் இடையே அவர் கண்ட வழி அது.

பின்னர் அவர் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் சர் சி. வி. இராமன் வீற்றிருந்தார். பொறியியல் வகுப்பில் அமர்ந்திருந்த இளைஞரின் உள்ளம் அவரது ஆய்வுக்கூடத்தையே நாடிற்று. அவ்விளைஞரின் கூர்மையை இராமனும் கண்டுகொண்டார். மின்பொறியியல் துறைத் தலைவரிடம் பேசி அம்மாணவரைத் தம் துறைக்கே மாற்றிக்கொண்டார். ஆராய்ச்சிக்கு வேண்டிய முதற்பொருளாகிய ஆசிரியர் இவ்வாறு கிடைத்தார்.

அக்காலத்தில் அந்நிறுவனம் பட்டம் வழங்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. ஆதலால், பெங்களூரில் ஆராய்ந்து எழுதிய ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, இராமச்சந்திரன் 1944-ஆம் ஆண்டில் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1947-இல் அறிவியற் பேரறிஞர் பட்டமும் பெற்று, இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் இரண்டாண்டு ஆராய்ந்து, 1949-இல் தாயகம் திரும்பினார்.

1952-ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவர் ஒருவரைத் தேடினார். முதலில் இராமனையே அழைத்தார். இராமன் அதனை ஏற்காமல், தம் மாணவர் பெயரைச் சொன்னார். வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்த இளைஞரைத் துறைத் தலைவராக்கத் துணைவேந்தரும் தயங்கவில்லை. இராமச்சந்திரன் கிண்டிக்கு வந்து சேர்ந்தார்.

பதவி வந்தது, ஆய்வுக்கூடம் வரவில்லை. அதனை அவரே தொடக்கத்திலிருந்து உருவாக்க வேண்டியிருந்தது. பொருள்களின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தி, அவற்றின் உள்ளமைப்பை அறியும் கருவிகளை அமைத்தார். இரண்டாம் தேவையும் ஒருவாறு நிறைவேறிற்று. இனி, ஆராயத்தக்க பொருள் யாது?

அந்நாளில் இலண்டன் பேராசிரியர் பெர்னால் சென்னைக்கு வந்தார். உரையாடலின்போது, கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பைப் பலர் ஆராய்ந்தும் ஐயமற விளக்கியவர் ஒருவரும் இலர் என்று அவர் குறிப்பிட்டார். கொல்லாஜன் நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலிமை தருவது. விலங்கின் தோலைக் கொதிக்கவைத்துத் தச்சர் எடுக்கும் வச்சிரப்பசையும் அதிலிருந்தே பிறப்பது. இத்துணைப் பழகிய பொருளின் உள்ளமைப்பு அறியப்படாமல் இருந்தது!

இராமச்சந்திரன் அப்பொருளையே ஆராயத் துணிந்தார். தூய கொல்லாஜன் இழைக்கு எங்கே செல்வது? அயல்நாட்டிற்கு எழுதிக் காத்திருக்கவில்லை. பக்கத்திலேயே அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோலைப் பதனிடுதல் என்பது அதிலுள்ள கொல்லாஜன் அழுகாவண்ணம் காப்பதே. ஆகவே, அந்நிறுவனத்தார் அப்பொருளை நன்கு அறிவர். அங்கே அவருக்குக் கங்காருவின் வாலிலுள்ள தசைநாண் கிடைத்தது. ஆஸ்திரேலிய விலங்கின் வால்நரம்பு ஒன்று, அடையாற்றிலிருந்து கிண்டி ஆய்வுக்கூடத்தை அடைந்தது. மூன்றாம் தேவையும் நிறைவேறிற்று.

இராமச்சந்திரனும் அவருடன் ஆராய்ந்த கோபிநாத் கர்த்தாவும் அந்த இழையில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்தனர். படத்தில் தோன்றியவை சில புள்ளிகளும் கீற்றுகளுமே. மணலிற் பதிந்த தடத்தைக் கண்டு, நடந்து சென்ற விலங்கை உய்த்துணர்வது போல, அப்புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் அமைப்பை உய்த்துணர வேண்டும். அதற்கு ஒரு குறிப்பு துணைசெய்தது. கொல்லாஜனில் உள்ள அமினோ அமிலங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பதாகும். அமினோ அமிலங்கள் யாவற்றினும் அதுவே மிகச் சிறியது. சங்கிலியில் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் நிற்பின், அவ்விடம் மிகக் குறுகியதாகவே இருத்தல் வேண்டும் என்று அவர்கள் கருதினர்.

தேங்காய் நாரைக் கயிறாகத் திரிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, பின் அப்புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவர். அதனாலேயே கயிறு பிரியாமல் நிற்கிறது. கொல்லாஜனும் அத்தகைய முப்புரியே. மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்குண்டு நிற்க, நடுவிலுள்ள குறுகிய இடத்தில் கிளைசின் அடங்குகிறது. மூன்று சங்கிலிகள் என்னும் கருத்தை அவர்கள் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். முறுக்கைத் திருத்தி 1955-இல் மீண்டும் எழுதினர். துறையைத் தொடங்கி மூன்றாண்டு நிறைவதற்குள் உலகம் கிண்டியை நோக்கிற்று.

நோக்கிய உலகம் குறையும் கூறிற்று. கேம்பிரிட்ஜில் இருந்த கிரிக், ரிச் என்னும் இருவர், இராமச்சந்திரனின் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றனர். சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, மூன்று அமிலங்களுக்கு இரண்டு அன்று, ஒன்றே என்றும் உரைத்தனர். பிணைப்பைப் பற்றிய கூற்றில் அவர்கள் பக்கமே உண்மை இருந்தது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. முப்புரி என்னும் அடிப்படையோ அசையாமல் நின்றது.

பெரும் புகழின் வாயிலில் நின்ற இளம் அறிஞருக்கு அக்குறை வருத்தமே தந்திருக்கும். ஆயினும் அவர் வாதத்தோடு நின்றுவிடவில்லை. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கின என்கிறீர்கள். அங்ஙனமாயின் அந்த அளவுதான் யாது? இவ்வினாவை அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். அதுவரை பலர் கண்டறிந்திருந்த பளிங்குகளின் அமைப்புகளையெல்லாம் தொகுத்து, எவ்வெவ் வகை அணுக்கள் எவ்வளவு நெருங்கக் கூடும் என்று வரையறுத்தார்.

நம் முழங்கை ஒரு பக்கம் மடங்கும்; மறுபக்கம் மடங்காது. புரதச் சங்கிலியின் கணுக்களும் அத்தகையனவே. ஒவ்வொரு கணுவிலும் திரும்பக்கூடிய இடம் இரண்டு உண்டு. சில கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும். சில கோணங்களில் மோதா. கணிப்பொறி எளிதிற் கிட்டாத அக்காலத்தில், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்னும் தம் மாணவர் இருவருடன், மேசைமீது வைத்து இயக்கும் சிறு கணக்குப் பொறியின் துணையால் இக்கோணங்களைக் கணக்கிட்டார். இரு கோணங்களையும் இரு அச்சுகளாகக் கொண்டு வரைந்தபோது, பரந்த கடலிடைச் சில தீவுகள் போலப் பொருந்தும் இடங்கள் புலப்பட்டன. 1963-இல் வெளிவந்த அப்படமே ‘இராமச்சந்திரன் வரைபடம்’ எனப்படுவது. இன்று உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியா தவறா என்பதை இவ்வரைபடத்தில் வைத்துப் பார்க்கின்றனர். பிறர் காட்டிய குறையே நிலையான புகழுக்கு வித்தாயிற்று.

அவர் தொடங்கிய பொறியியலையும் மறந்தாரல்லர். உடலைப் பல கோணங்களிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு உள்ளுறுப்புகளின் உருவத்தைக் கணக்கிட்டு மீட்கும் எளிய முறை ஒன்றை, இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து 1971-இல் வெளியிட்டார். மருத்துவமனைகளில் இன்று வழங்கும் ‘சி.டி. ஸ்கேன்’ கருவியின் வளர்ச்சிக்கு அம்முறை துணைபுரிந்தது. 1977-இல் இலண்டன் ராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். கங்காருவின் தசைநாணைத் தந்த அடையாற்று நிறுவனம், தன் அரங்கிற்கு முப்புரியின் ஆங்கிலப் பெயராகிய ‘டிரிப்பிள் ஹீலிக்ஸ்’ என்பதையே சூட்டியுள்ளது.

மாணவர்களே, இவ்வரலாறு முயற்சியை மட்டும் போற்றுவதன்று. இராமன் தம் துறையின் கதவைத் திறந்திராவிடின், துணைவேந்தர் இளைஞரை நம்பியிராவிடின், அண்டை நிறுவனம் தன் பொருளைப் பகிர்ந்திராவிடின், இராமச்சந்திரனின் அறிவு எங்கே ஒளிர்ந்திருக்கும்? வாய்ப்புத் தேடும் இளைஞர் சோர்வின்றிக் கதவைத் தட்டுதல் வேண்டும். உள்ளே இருப்போர் அதனைத் திறத்தலும் வேண்டும். நாளை உங்களுள் சிலர் கதவைத் தட்டி நிற்பீர்கள். வேறு சிலர் உள்ளே அமர்ந்திருப்பீர்கள். எங்கிருப்பினும் இக்கடமையை மறவாதீர்கள்.

பயிற்சி

1. இராமச்சந்திரன் பொறியியல் துறையிலிருந்து இயற்பியல் துறைக்கு மாறிய வரலாற்றைக் கூறுக.
2. கொல்லாஜனின் அமைப்பு முப்புரிக் கயிற்றை எவ்வாறு ஒத்துள்ளது?
3. பிறர் கூறிய குறையை இராமச்சந்திரன் எவ்வாறு பயன்படுத்திக்கொண்டார்?
4. ‘ஆராய்ச்சிக்குத் துணை’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.