ஆன்லைன் டிகிரி செல்லுமா?

பக்கத்து வீட்டுப் பையன் போனை நீட்டினான். "சார், யுஜிசி அப்ரூவ்டுனு போட்டிருக்கு. இன்னைக்கே ஐயாயிரம் கட்டினா சீட்டு உறுதியாம்." ஆன்லைன் டிகிரிக்கு ஆள் சேர்க்கும் கம்பெனி ஒன்றின் விளம்பரம். கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில். டிகிரி கொடுக்கப்போகும் பல்கலைக்கழகமோ கடைசி வரியில், எறும்பு ஊர்ந்த மாதிரி.

நம்பிக்கை: ஆன்லைனில் படித்த டிகிரி வேலைக்கு ஆகாது.

உண்மை: ஆகும். அனுமதி பெற்ற படிப்பென்றால் கல்லூரிக்குப் போய்ப் படித்த டிகிரிக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவே அறிவித்துவிட்டது. உறவினர் உதட்டைப் பிதுக்குவது வேறு விஷயம்.

நம்பிக்கை: பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தால் அது நடத்தும் எல்லாப் படிப்பும் செல்லும்.

உண்மை: இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அனுமதி படிப்புவாரியாகத்தான் தரப்படுகிறது. எம்.பி.ஏ.வுக்கு வாங்கிய இடமே எம்.எஸ்சி.க்கு வாங்காமல் இருக்கலாம். அஞ்சல்வழிக்குக் கிடைத்த அனுமதியும் ஆன்லைனுக்குச் சேராது. பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், வேளாண்மை, ஹோட்டல் மேனேஜ்மென்ட் ஆகியவற்றுக்கு இரண்டு வழியிலுமே தடை. ஊசி போடுவதை வீடியோவில் பார்க்கலாம், பழக முடியுமா?

மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதில் ஒன்று நம் சேலத்தில் உள்ளது, உரிய அனுமதி இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் நடத்தியிருந்தன. வழக்கு முளைத்ததே ஒடிசாவில் அந்தப் பட்டத்தை வைத்து எழுந்த ஒரு பதவி உயர்வுத் தகராறில்தான். 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் தனித்தேர்வு எழுதித் தேறினால் பட்டம் பிழைக்கும் என்றது நீதிமன்றம். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. பாவம், படித்தவர்கள்தானே பலியானார்கள்!

நம்பிக்கை: கம்பெனியே அட்மிஷன் போட்டு, பாடமும் நடத்திவிடும்.

உண்மை: கிளை எடுத்து நடத்துவது போன்ற ஏற்பாட்டுக்கு விதியில் இடமில்லை. 2022 ஜனவரியிலேயே யுஜிசி இதை எச்சரித்தது. கம்பெனி தொழில்நுட்ப உதவி செய்யலாம், அவ்வளவுதான். அட்மிஷன், பாடம், தேர்வு, சான்றிதழ் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

நம்பிக்கை: பத்து நாளில் எம்.பி.ஏ. முடிக்கலாம்.

உண்மை: முடியாது. அந்தப் பெயரில் நடந்த வகுப்புகளைப் பற்றி 2024-இல் யுஜிசி தனி எச்சரிக்கையே விட்டது.

பையனை உட்காரவைத்து யுஜிசியின் தொலைநிலைக் கல்வி இணையதளத்தைத் திறந்தோம். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்று பட்டியல் கிடக்கிறது. இவன் பல்கலைக்கழகம் இருந்தது. இவன் கேட்ட படிப்பு இல்லை.

நீங்களும் பணம் கட்டுமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள், நீங்கள் சேரும் பருவத்துக்கானதை. 2024 முதல் அதே தளத்தில் மாணவர் தாமே பதிவு செய்து 'டெப் ஐடி' என்ற அடையாள எண் எடுத்த பிறகுதான் சேர முடியும். அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் பணம் கேட்பவருக்குப் பத்துப் பைசா கட்டாதீர்கள்.