ராத்திரியில் வந்து விடிந்தால் போகும் கால் வலி

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது, எடை 17 கிலோ. மூன்று மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு எழுந்து “கால் குடையுதும்மா” என்று அழுகிறான். ஒரு நாள் இந்தக் கால், ஒரு நாள் அந்தக் கால், சில நாள் இரண்டும். கெண்டைக்காலைக் காட்டுவான், தொடையைக் காட்டுவான். பிடித்துவிட்டால் அரை மணி நேரத்தில் தூங்கிவிடுகிறான். காலையில் எதுவுமே நடக்காத மாதிரி பள்ளிக்கு ஓடுகிறான். “வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்” என்கிறார் மாமியார். பக்கத்தில் ஆள் வேண்டுமென்று அழுகிறான் என்கிறார் கணவர். மருந்துக்கடையில் கால்சியம் சிரப் கொடுத்தார்கள். ஒரு பாட்டில் தீர்ந்தும் பலனில்லை. செல்போனில் தேடினால் ரத்தப் புற்றுநோய் வரைக்கும் வருகிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது. டெஸ்ட் எடுக்க வேண்டுமா? கராத்தே வகுப்பை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகனுக்கு வலிப்பது நிஜம். இதை முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். காலையில் ஓடுகிறான் என்பதற்காக ராத்திரி அழுதது பொய்யாகிவிடாது; இந்த வலியின் இயல்பே அதுதான்.

நீங்கள் எழுதியிருப்பது குழந்தைகளுக்கு வரும் வளர்ச்சி வலியின் அச்சு அசலான வர்ணனை. இரண்டு காலிலும் மாறி மாறி வருகிறது. மூட்டில் இல்லாமல் சதையில் வருகிறது. இருட்டிய பிறகு வருகிறது, பிடித்துவிட்டால் அடங்குகிறது, விடிந்தால் சுவடே இல்லை. மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இதைப் பார்க்கிறோம். தெற்கு ஆஸ்திரேலியாவில் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த வலி இருந்தது.

ஆபத்தில்லாதது என்ற வகையில் மாமியார் சொன்னது சரி. ஆனால் வளர்வதால்தான் வலிக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. 1823-ல் மார்செல் டுஷாம்ப் என்ற பிரெஞ்சு மருத்துவர் அப்படி எழுதினார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பிறக்கும்போது 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் 75-ஐத் தொடுகிறது. வளர்ச்சி வலிக்குமென்றால் கைக்குழந்தைகள் அல்லவா துடித்துப்போக வேண்டும்? உங்கள் மகன் வயதில் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வளர்வார்கள். பகலெல்லாம் ஓடியாடிய கால்களின் களைப்பு, இந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட வலியைச் சீக்கிரம் உணர்வது, சிலருக்கு மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது என்று சில காரணங்கள் சேர்ந்திருக்கலாம் என்பதே இன்றைய கணிப்பு.

குரக்களி வேறு விஷயம். அதில் கெண்டைச் சதை திடீரென்று இழுத்துப் பிடித்து, கல்லாக இறுகி, தொட்டால் உருண்டையாகத் தெரியும். பெரும்பாலும் ஒரு காலில் வரும். சில நிமிடத்துக்குள் விட்டுவிடும். பிறகும் அந்த இடம் கொஞ்ச நேரம் நோகும். எட்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம். அடுத்த முறை அழும்போது விளக்கைப் போட்டுக் கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அது குரக்களி இல்லை. இறுகியிருந்தால் முழங்காலை நீட்டி, பாதத்தைப் பிடித்து, கால் விரல்கள் முகத்தைப் பார்க்கும்படி மெதுவாக மேலே தள்ளுங்கள், இறுக்கம் விடும். விரல்களைக் கீழ்நோக்கி நீட்டினால் இன்னும் பிடித்துக்கொள்ளும்.

வளர்ச்சி வலிக்கு உங்கள் கைதான் முதல் மருந்து. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தொட்டு, கெண்டைக்காலையும் தொடையையும் மேல்நோக்கி நீவிவிடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். உங்கள் முழங்கையின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்த பிறகே வையுங்கள். வறுத்த உப்பு மூட்டை வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தை சூட்டைச் சொல்லத் தெரியாமல் தோலைப் பொசுக்கிக்கொள்ளும்.

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நம் வீடுகளில் சளிக்கும் வலிக்கும் தேய்க்கிறோம். தயவுசெய்து சிறு குழந்தைகளுக்கு அது வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரலாம். பெரியவர்கள் தடவும் வலி பாம்களும் அப்படித்தான். காலில் தடவியதைக் கையால் தொட்டு, அந்தக் கையை வாயில் வைப்பது குழந்தைகளுக்கு ஒரு நிமிட வேலை.

வலி வராத நாட்களிலும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: காலையிலும் தூங்கப்போகும் முன்பும் பத்து நிமிடம் கால் சதைகளை நீட்டிவிடுவது. மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மேலே தூக்கிப் பிடியுங்கள். அப்படியே பாதத்தை முகத்தை நோக்கித் தள்ளுங்கள். பிறகு குப்புறப் படுக்கவைத்து, குதிகாலைப் பிட்டத்தின் பக்கம் மடக்குங்கள். ஒவ்வொன்றிலும் இருபது எண்ணும்வரை நிறுத்துங்கள். எண்ணுவது அவன் வேலையாக இருக்கட்டும். கனடாவில் நடந்து 1988-ல் வெளிவந்த சிறிய ஆய்வில், இப்படிச் செய்த குழந்தைகளுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வலி விட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் செலவோ கெடுதலோ இல்லாத ஒரு வைத்தியத்தை நான் தயங்காமல் சொல்கிறேன்.

அதற்கும் அடங்காத இரவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். 17 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம் வரை. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். தினமும் வேண்டியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. நிமெசுலைடு மருந்தைப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாதென்று இந்திய அரசு 2011-ல் தடை செய்தது.

கால்சியம் சிரப் இந்த வலிக்கான மருந்தல்ல. பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை சாப்பிடும் பிள்ளைக்குப் பாட்டில் தேவைப்படாது. வைட்டமின் டி குறைந்தால் கால் வலிக்கும் என்பது உண்மை. ஆனால் 60,000 யூனிட் பொட்டலத்தை நீங்களாக வாரா வாரம் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கும். இரும்புச்சத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த சில குழந்தைகள் படுத்தவுடன் காலை அசைத்துக்கொண்டே இருப்பார்கள், உதைப்பார்கள், அதைக் கால் வலி என்றே சொல்வார்கள். உங்கள் மகன் அப்படிச் செய்தால் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்வேன்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். ரத்தப் புற்றுநோயில் எலும்பு வலிப்பதுண்டு. அந்தக் குழந்தை பகலிலும் வலியென்று ஒடுங்கிக் கிடக்கும், வெளுத்துப்போகும், காய்ச்சல் விட்டு விட்டு வரும், அடிபடாமலே தோலில் கன்றிய தழும்புகள் தெரியும். பிடித்துவிடக் கேட்காது, தொட்டாலே காலை இழுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதியதில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஒருமுறை உங்கள் குழந்தை மருத்துவர் காலையும் இடுப்பையும் அசைத்துப் பார்த்து, எல்லாம் சரியென்றால், ரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ தேவையில்லை.

ஆனால் சில அடையாளங்களை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எப்போதும் ஒரே கால், ஒரே இடம், நொண்டுவது, மூட்டு வீங்குவது, காலையில் எழுந்ததும் கால் விறைத்திருப்பது, எடை இறங்குவது. இவற்றில் எது இருந்தாலும் வளர்ச்சி வலி என்று இருந்துவிடாதீர்கள். முழங்கால் வலி என்று நொண்டும் குழந்தைக்குக் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம்; நான்கு முதல் எட்டு வயது வரை உள்ள பையன்களிடம் இதைக் குறிப்பாகத் தேடுவோம். தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஏறி ஏறி எழுகிறானா, கெண்டைக்கால் வழக்கத்துக்கு மீறிப் பருத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது தசை நோயாக இருக்கலாம். சளிக் காய்ச்சல் விடும் சமயத்தில் கெண்டைக்கால் வலித்து நடக்க மறுத்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கறுத்துப் போனால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கராத்தேயை நிறுத்த வேண்டாம். விளையாட்டு இந்த வலியை நோயாக மாற்றாது. அதிகம் ஆடிய நாளின் ராத்திரியில் வலி வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அடுப்படிக் காலண்டரில் வலி வந்த தேதியைச் சுழித்து, எந்தக் கால், எவ்வளவு நேரம் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதத் தாளைக் கிழித்து மருத்துவரிடம் கொண்டுபோனால், அவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும். வகுப்பு முடிந்து வரும் நாட்களில்தான் வலியென்று தெரிந்தால், அன்று சாயங்காலமே வெதுவெதுப்பான நீரில் குளிக்கவைத்துக் காலை நீவிவிட்டுப் படுக்கவையுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் வலி வரும் இடைவெளி நீண்டு, தானாக நின்றுபோகும்.