மறக்கருணை

இறைவன் அருளே வடிவினனாயின் அவன் தன் அடியாரை ஒறுத்தல் யாங்ஙனம் பொருந்தும்? சைவ நூல் பயில்வார்க்கு எழும் இவ்வையத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஐந்தொழிலுள் மறைத்தலும் உயிர்கள்பால் வைத்த கருணையால் அவற்றின் மலபரிபாகங் குறித்தே நிகழ்வதென்பது சித்தாந்தத் துணிபு. சொல்வழி நில்லாத புதல்வரைப் பெற்றோர் அடித்துத் திருத்துதலும் பரிவேயாதலை எடுத்துக்காட்டிச் சிவஞானசித்தியார் இதனை வலியுறுத்தும்.

இதற்குச் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு தக்க சான்றாம். சங்கிலியாரைப் பிரியேனென மகிழின்கீழ்ச் செய்த சூளுறவைக் கடந்து நாயனார் திருவொற்றியூரெல்லை நீங்கியபோது கண்ணிரண்டும் ஒளியிழந்தன. தோழமை தந்த பெருமானே தண்டமுஞ் செய்தான். தோழரென்பதுபற்றிச் சங்கிலியார்க்குரைத்த சூளுறவு பொய்படுதற்கு அவன் இசைந்திலன்.

பின்னர் நிகழ்ந்தமை நோக்கற்பாலது. காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் நாயனார் பெற்றார். அதற்குமுன் திருவெண்பாக்கத்தில் கிடைத்ததோ ஊன்றுகோல் மாத்திரையே. நாயனார் நொந்து பாடினார். ஆயினும் பாடலை விட்டாரல்லர், வழியையும் விட்டாரல்லர்.

தண்டம் முடிந்த பின்னரே அருள் வருமென்று நாம் கருதுகின்றோம். தண்டம் நீங்காத இடைவழியிலேயே அருள் கோலாகி உடன்சென்றதை இவ்வரலாறு தெரிவிக்கின்றது. ஒறுத்த கையே கோலும் நீட்டிற்று. ஆதலின் அவ்வொறுப்பு மறக்கருணையெனப் பெயர் பெறுவதாயிற்று.

துன்பம் வந்துழி, இழந்த கண்ணையே எண்ணி அயராது, கையிற் கிடைத்த கோலையும் நாம் உணர்வோமாக.