தண்டர்பேர்ட்: நிறையும் குறையும்

மின்னஞ்சல் என்றால் பிரவுசரைத் திறந்துதான் படிக்கணும்னு பலரும் நினைக்கிறோம். கடிதங்களை நம் கணினிக்கே கொண்டுவந்து சேர்க்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றில் நான் பயன்படுத்துவது மோசில்லா தண்டர்பேர்ட். இதன் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

நிறைகள்:

1. இலவசம். மூலநிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

2. நாலு முகவரி இருந்தாலும் ஒரே இடத்தில் படிக்கலாம்.

3. இன்டர்நெட் இல்லாத நேரத்திலும், இறக்கி வைத்த கடிதங்களைப் படிக்கலாம். பதிலும் எழுதி வைக்கலாம்.

4. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 'இது குப்பை', 'இது குப்பை இல்லை' என்று நாம் குறித்துக் காட்டக் காட்ட, அக்கடிதங்களில் வரும் சொற்களைக் கணக்கு வைத்து, குப்பை அஞ்சலைத் தானே பிரிக்கப் பழகிக்கொள்ளும்.

குறைகள்:

1. ஒரு ஃபோல்டரின் கடிதங்கள் எல்லாம் வழக்கமாக ஒரே கோப்பில் சேரும். அந்தக் கோப்பு கெட்டால் மொத்தத்துக்கும் ஆபத்து.

2. அழித்த கடிதம் அந்தக் கோப்பை விட்டு உடனே போகாது. 'காம்பாக்ட்' செய்த பிறகுதான் இடம் மிச்சமாகும்.

3. பலர் உட்காரும் கணினிக்கு ஒத்துவராது. உள்ளே பாஸ்வேர்டு போட்டு வைத்தாலும், அது காப்பது நம் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை மட்டுமே. இறங்கிய கடிதங்கள் பூட்டில்லாமல்தான் கிடக்கும்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது:

கணக்கு சேர்க்கும்போது பாப், ஐமேப் என்று இரண்டு முறைகள் வரும். பாப் என்பது தபால்காரர் கடிதத்தை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. 'சர்வரிலும் விட்டு வை' என்பதில் டிக் இல்லையென்றால், கடிதம் நம் ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருக்கும். டிஸ்க் போனால் கடிதமும் போச்சு! ஐமேப் முறையில் கடிதம் சர்வரிலேயே இருக்கும். நம்மிடம் இருப்பது நகல். ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதனால் ஐமேப்பையும் முழுசாக நம்பி இருக்க முடியாது.

அப்போ என்ன செய்யலாம்? உதவி மெனுவில் உள்ள பழுதறியும் பக்கத்தில் 'புரொஃபைல்' ஃபோல்டர் இருக்கும் இடம் தெரியும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகல் எடுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் போதும். அந்தப் பென்டிரைவையும் பத்திரமாக வையுங்கள். நம் கடிதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன அல்லவா!

சொந்தக் கணினி உள்ளவர்களுக்கு இது நல்ல மென்பொருள். பொதுக் கணினியில் படிப்பவர்களுக்குப் பிரவுசரே போதும் என்பது என் கருத்து. ஆனால் படித்து முடித்ததும் மறக்காமல் 'லாக் அவுட்' செய்யுங்கள்!